தோசை சுடற வீட்ல யாரும் சேர்ந்து சாப்பிட முடியாது

கரண்ட் ஒழுங்கா வர ஆரம்பிச்சதுல இருந்து எங்க வீட்ல நாலு பேரும் ஒண்ணா உக்காந்து ராத்திரி சாப்பிடறது அநேகமா நின்னே போச்சு. ஊர்ல இருக்கறவங்க இதைப் படிச்சா என்ன இது கிறுக்குத்தனமா இருக்குன்னு நினைப்பீங்க, ஆனா 2022, 2023ல சவுத் ஆப்பிரிக்கால குடும்பம் நடத்தினவங்க யாரா இருந்தாலும் ஆமான்னு தலையாட்டுவாங்க. லோட்ஷெட்டிங்னு இங்க பேரு. நம்ம ஊர் பவர்கட் திடீர்னு போகும், எப்ப வரும்னு தெரியாம விசிறிக்கிட்டு திண்ணையில உக்காந்திருப்போம், இது அந்தக் கதை இல்ல. டைம்டேபிள் போட்டு, போன்ல முன்கூட்டியே சொல்லி, ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2ன்னு படிப்படியா ஏத்தி, ரொம்ப மரியாதையா கட் பண்ணுவாங்க. ஸ்டேஜ் 6னா நாடு முழுக்க 6000 மெகாவாட் வரைக்கும் குறைக்கிறாங்கன்னு அர்த்தம், வீட்டுக் கணக்குல சொன்னா ஒரு நாளைக்கு மூணு தடவை, சில நாள் நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் ரெண்டு மணி நேரத்துக்குக் குறையாம. 2023 தான் உச்சம், அந்த வருஷம் 300 நாளுக்கு மேல ஏதாவது ஒரு ஸ்டேஜ் ஓடிக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் 2024 மார்ச் கடைசில நிறுத்தினாங்க. மே மாசம் எலெக்‌ஷன், அதான் நிறுத்தி வச்சிருக்காங்கன்னு எல்லாரும் பேசிக்கிட்டோம், எலெக்‌ஷனும் முடிஞ்சது, ஆனா கரண்ட் போகல, அடுத்த வருஷம் ஜனவரி கடைசி வரைக்கும் போகவே இல்ல.

இங்க முக்கால்வாசி வீட்ல அடுப்பே கரண்ட்ல தான் ஓடுது. சாயங்காலம் ஆறுல இருந்து எட்டு ஸ்லாட் நம்ம ஏரியாவுக்கு விழுந்துச்சுன்னா முடிஞ்சது கதை. அதனால ஊர்ல பாதிப் பேர் போயி 9 கிலோ சிலிண்டரும் ரெண்டு பர்னர் கேஸ் அடுப்பும் வாங்கிப் போட்டோம். ஒரு பர்னர்ல சோறு, இன்னொரு பர்னர்ல ஏதோ ஒரு குழம்பு, அவ்வளவுதான் நடக்கும். மிக்ஸி ஓடாது, கிரைண்டர் ஓடாது, ஓவன் ஓடாது, வைஃபை இருக்காது, அன்னிக்கு மூணாவது கட்டா இருந்தா டவர்ல இருக்கற பேட்டரியும் செத்துப்போயி போன்ல சிக்னல் கூட இருக்காது. வெளிச்சம்னு இருக்கறது ஒரே ஒரு சார்ஜ் லைட்டு, அது எங்க இருக்கோ அங்க தான் நாலு பேரும். வேற வழியே இல்லாம சேர்ந்து சாப்பிட்டோம், யாரும் திட்டம் போட்டுப் பண்ணல.

அதுக்காக லோட்ஷெட்டிங் நல்லதுன்னு சொல்ல வரல. ஃபிரீசர்ல இருந்த மீனைக் கெடுத்தது போக எத்தனையோ சின்னக் கடைக்காரங்க பிழைப்பையும் சேர்த்துத் தின்னுட்டுப் போன விஷயம் அது. நான் சொல்றது எங்க வீட்டு சாப்பாட்டு மேஜைக் கணக்கு மட்டும்தான்.

இப்ப எப்படின்னா, நாங்க இருக்கறது டர்பன்ல சாட்ஸ்வொர்த் பக்கம், சில்வர்கிளென். நான் ஹைஸ்கூல்ல மேத்ஸ் எடுக்கறேன், ஸ்கூல் மத்தியானமே முடிஞ்சாலும் எக்ஸ்ட்ரா கிளாஸ், மார்க்கிங், மீட்டிங்னு வீடு வந்து சேர இருட்டிடும். வீட்டுக்காரருக்கு ஹார்பர்ல கப்பல் ரிப்பேர் வேலை, கப்பல் எப்ப உள்ள வருதோ அப்ப தான் அவருக்குப் பொழுது விடியும், ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் சரி. பெரியவன் வெஸ்ட்வில் கேம்பஸ்ல படிக்கிறான், சாயங்காலம் ஒரு கடையில பார்ட் டைம். சின்னவ மெட்ரிக், அதாவது நம்ம பிளஸ் டூ, ஸ்கூல் விட்டா டியூஷன், டியூஷன் விட்டா இன்னொரு டியூஷன். (மேத்ஸ் டீச்சர் பொண்ணுக்கு மேத்ஸுக்கே டியூஷன், ஏன்னா அம்மா சொல்லிக் கொடுத்தா சண்டை வருது, இதைப் பத்தித் தனியா ஒரு பதிவு எழுதணும்.) அவங்கவங்க வர்ற நேரத்துக்கு டப்பாவுல சாப்பாடு எடுத்து வச்சிருப்பேன், மைக்ரோவேவ்ல டிங்குன்னு சத்தம் கேட்டா யாரோ வீட்டுக்கு வந்துட்டாங்கன்னு தெரிஞ்சுக்குவேன். யாருன்னு எட்டிப் பாக்கறது கூட சில நாள் இல்ல.

குடும்பமா சேர்ந்து சாப்பிடுங்க, போனை ஒரு கூடையில போட்டுட்டு உக்காருங்க, டிவியை அணைங்கன்னு உலகம் பூரா அட்வைஸ் பண்றாங்க. பண்ணட்டும். என்னைக் கேட்டா நம்ம தமிழ் வீடுகள்ல போன் ரெண்டாவது வில்லன் தான். முதல் வில்லன் தோசை.

சிரிக்காதீங்க. தோசைங்கறது ஒருத்தர் நின்னா தான் மத்தவங்க சாப்பிட முடியும்ங்கற பலகாரம். சுட்டு அடுக்கி வச்சா தொவண்டு போயிடும், கல்லுல இருந்து நேரா தட்டுக்குப் போகணும், அதுவும் ஒண்ணு ஒண்ணா. பூரி அப்படித்தான், சப்பாத்தியும் ஏறக்குறைய அப்படித்தான், ஆப்பம்னா கேக்கவே வேணாம். எங்க அம்மா அம்பாசமுத்திரத்துல அந்த இருட்டு அடுப்படியில நின்னுக்கிட்டு, அப்பா, அண்ணன், நான், அத்தை எல்லாருக்கும் வரிசையா ஊத்திப் போட்டுக்கிட்டே "இன்னொண்ணு ஊத்தவா?"ன்னு குரல் மட்டும் குடுப்பாங்க. நாங்க கூடத்துல கதை பேசிக்கிட்டு இருப்போம். அவங்களுக்கு அந்தக் கதையில பாதி தான் காதுல விழும், மீதிய கல்லு சத்தம் தின்னுடும். கடைசில சட்டியை வழிச்சு ஊத்தின ஒரு சின்ன தோசை, கிண்ணத்து ஓரத்துல ஒட்டின சட்னி, அதையும் நின்னுக்கிட்டே சாப்பிட்டு முடிச்சிருவாங்க. கேட்டா எனக்குப் பசியே இல்லம்பாங்க. நாள் பூரா வேலை செஞ்ச மனுஷிக்கு எப்படி பசி இல்லாமப் போகும்னு அப்ப எங்க யாருக்கும் தோணல, ஏன்னா எங்களுக்குப் பசி ஆறிடுச்சு.

கடல் தாண்டி வந்தும் அதே கல்லு, அதே நிக்கற வேலை. கல்லு மட்டும் நான்ஸ்டிக் ஆச்சு. ஞாயித்துக்கிழமை எல்லாரும் வீட்ல இருக்காங்களேன்னு ஆசையா மாவு அரைச்சு வைப்பேன், "அம்மா நீங்களும் வாங்க"ம்பான் பையன், "வரேன் வரேன், நீ ஆறதுக்குள்ள சாப்பிடு"ம்பேன், நான் போயி உக்காரும்போது மேஜையில சாம்பார் கறை மட்டும் இருக்கும். மெனக்கெட்டு பெருசா சமைக்கிற அன்னிக்குத் தான் சமைக்கிறவ தனியா சாப்பிடறா. தீபாவளி அன்னிக்கு இதைவிட மோசம்.

இதைச் சொன்னா உடனே ஒரு கோஷ்டி வரும், அந்தக் காலத்துல கூட்டுக் குடும்பமா எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டோம், இப்ப தான் எல்லாம் கெட்டுப் போச்சுன்னு. எந்தக் காலத்துலங்க? நம்ம ஊர்ல இருந்தது பந்தி. முதல் பந்தி ஆம்பளைங்க, அடுத்து பிள்ளைங்க, பொம்பளைங்க கடைசிப் பந்தி, அதுவும் அப்பளம் தீர்ந்த பிறகு. கல்யாண வீட்ல மட்டும் இல்ல, தினப்படி வீட்லயும் அதே ஒழுங்கு தான். அப்பாவும் அம்மாவும் ஒரே நேரத்துல எதிரெதிர உக்காந்து சாப்பிட்டு நான் சின்ன வயசுல பார்த்ததே இல்ல.

இங்கேயும் அப்படித்தான் இருந்திருக்கு. பக்கத்து வீட்ல ஒரு ஆன்ட்டி இருக்காங்க, எழுபது தாண்டினவங்க. இவங்க முன்னோர் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியா வந்தவங்க. ட்ரூரோன்னு ஒரு கப்பல் மெட்ராஸ்ல இருந்து கிளம்பி 1860 நவம்பர் 16 அன்னிக்கு டர்பன் வந்து சேர்ந்துச்சு, அது தான் முதல் கப்பல், அப்புறம் 1911 வரைக்கும் கப்பல் கப்பலா ஒன்றரை லட்சம் பேருக்கு மேல வந்தாங்க, அதுல பெரும் பங்கு மெட்ராஸ் வழியா வந்த தமிழ், தெலுங்கு ஜனங்க. ஆன்ட்டி பிறந்தது மேகசின் பேரக்ஸ்ல, டர்பன் கார்ப்பரேஷன் வேலைக்காரங்களுக்குன்னு இருந்த லைன் வீடுங்க அது. அவங்க அப்பாவுக்கு ரோடு கூட்டற வேலை. 1950ல குரூப் ஏரியாஸ் ஆக்ட் வந்து, யார் எங்க குடியிருக்கணும்னு நிறத்தை வச்சுப் பிரிச்சாங்க இல்ல, அதுக்கப்புறம் 1960கள்ல அங்க இருந்தவங்களை எல்லாம் கிளப்பி இந்த சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பிச்சாங்க. ஆன்ட்டிக்குத் தமிழ்ல சாமி பேரு, சாப்பாட்டுப் பேரு, திட்டற வார்த்தை மூணும் நல்லா வரும், மீதி எல்லாம் டர்பன் இங்கிலீஷ்.

அவங்ககிட்ட ஒரு தடவை கேட்டேன், ஆன்ட்டி, பேரக்ஸ்ல எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவீங்களான்னு. சிரிச்சாங்க. "வாட் டுகெதர், மை கேர்ள்? டாடி ஃபர்ஸ்ட். தென் த பாய்ஸ். தென் அஸ் கேர்ள்ஸ். மம்மி அண்ட் ஆயா லாஸ்ட், சம்டைம்ஸ் ஒன்லி கிரேவி அண்ட் ஆலு." அம்மாவுக்கும் ஆயாவுக்கும், அதாவது பாட்டிக்கு, கிரேவியும் உருளைக்கிழங்கும் மட்டும்தான் மிஞ்சுமாம். டர்பன் கறியில எதுல பார்த்தாலும் உருளைக்கிழங்கு கிடக்கும், மட்டன்ல, கோழியில, பீன்ஸ்ல, இங்க அதுக்கு கிரேவி சோக்கர்னே பேரு, குழம்பை இழுத்து வச்சுக்கிட்டு கறித்துண்டை விட ருசியா இருக்கும். அவங்க முன்னோர் காலத்துல கரும்புத் தோட்டத்து ரேஷன்ல அரிசி, பருப்பு, உப்பு, எண்ணெய், கருவாடு, அரிசி இல்லாத நேரம் மக்காச்சோள மாவு, இதான் வந்துச்சு. பொம்பளைங்களும் விடியறதுக்கு முன்னாடியே வயலுக்குப் போயி இருட்டின பிறகு திரும்பி வந்து அடுப்பு மூட்டணும். அந்த நேரத்துல யாரு நின்னு ஒண்ணு ஒண்ணா ஊத்துவா? ஒரே சட்டி, அதுல எல்லாமே. இங்கத்து சமையலோட அமைப்பே அந்த அலுப்புல இருந்து வந்ததுன்னு எனக்குத் தோணும். சட்டி ஒண்ணா இருந்தும் பந்தி மட்டும் மாறலங்கறது தான் ஆன்ட்டி சொன்ன கதை.

சரி, நான் எழுத வந்த ராத்திரிக்கு வரேன். ஜூன் மாசம், இங்க குளிர்காலம், அஞ்சு மணிக்கெல்லாம் இருட்டிடும். அன்னிக்குக் காத்து பயங்கரமா அடிச்சு ஹார்பர்ல கிரேனை எல்லாம் நிறுத்திட்டாங்க, அவர் பாக்க வேண்டிய கப்பல் வெளியிலயே நங்கூரம் போட்டு நிக்குதுன்னு நாலு மணிக்கே வீட்ல வந்து நிக்கிறார். சின்னவளோட டியூஷன் சாருக்கு ஃப்ளூ. பெரியவன் கடையில ஷிப்ட் மாத்திட்டாங்களாம், அவனும் வந்துட்டான். நான் வந்து கதவைத் திறந்தா மூணு பேரும் சோபாவுல உக்காந்துக்கிட்டு என்னையே பாக்கறாங்க. ஏதோ பிரச்சனையோன்னு நெஞ்சு திக்குன்னுச்சு. பசி தான் பிரச்சனை.

"மாவு இருக்கே, நாலு தோசை ஊத்திரலாமே"ன்னார் இவர். ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துட்டு தான் சொல்றார், பாவம், வேலை வைக்காம சுலபமா ஏதாவது சொல்றோம்ங்கற நினைப்பு அவருக்கு.

"இன்னிக்குத் தோசை கிடையாது. டின் ஃபிஷ்."

டின் ஃபிஷ்னா தெரியாதவங்களுக்கு, தக்காளி சாஸ்ல போட்டு டின்ல அடைச்சு வர்ற பில்சர்ட் மீன். நம்ம மத்திக்குச் சொந்தக்காரன். மே கடைசில இருந்து ஜூலை வரைக்கும் இந்த ஊரு கடற்கரையோரமா அதே மீன் கூட்டம் கூட்டமா வடக்கு நோக்கி வரும், சார்டின் ரன்னு பேரு, கரைவலை போட்டு இழுக்கும்போது ஜனங்க வாளியும் பிளாஸ்டிக் பையுமா தண்ணிக்குள்ள ஓடுவாங்க, அது ஒரு திருவிழா தான். டின்னுக்கு அந்தப் பரபரப்பு ஒண்ணும் கிடையாது, வருஷம் பூரா ஷெல்ஃப்ல சிவப்பு டின்னா நிக்கும், லக்கி ஸ்டார்னு. இந்த நாட்ல ஏழை பணக்காரன், கருப்பு வெள்ளை இந்தியன்னு பேதம் இல்லாம எல்லார் வீட்லயும் இருக்கற ஒரே சாமான் அதுவாத் தான் இருக்கும். மாசக் கடைசியில சம்பளம் வர்றதுக்கு முன்னாடி சாப்பிடற சாப்பாடுன்னு ஒரு பேரு அதுக்கு, விருந்தாளிக்கு யாரும் வைக்க மாட்டாங்க. நான் இந்த ஊருக்கு வந்த புதுசுல டின்னுக்குள்ள இருக்கறதெல்லாம் மீனான்னு மூஞ்சியைச் சுளிச்சிருக்கேன், ஆன்ட்டி ஒரு நாள் ஒரு சின்னக் கிண்ணத்துல குடுத்தாங்க, அப்புறம் சுளிக்கல.

400 கிராம் டின் ரெண்டு. பெரியவன் திறந்து, மீனை ஒவ்வொண்ணா தட்டுல எடுத்து வச்சு, ரெண்டாப் பிளந்து நடு முள்ளை எடுத்தான். முள்ளு எடுக்கணுமா வேணாமாங்கறது இங்க பெரிய கட்சிப் பிரிவினை. டின்ல அது வெந்து பூவா இருக்கும், பல்லுல பட்டா பொடிஞ்சிடும், கால்சியம்னு இவர் சொல்வார், ஆன்ட்டி வீட்ல எடுத்துட்டு தான் போடுவாங்க. பாதியை எடுத்தோம், பாதியை விட்டோம். எண்ணெய் காஞ்சதும் கடுகு, சீரகம், ரெண்டு வெங்காயம், பச்சை மிளகாய், பூண்டு, தோட்டத்துல இருந்து ஒரு கொத்து கறிவேப்பிலை. வெங்காயம் ஓரம் சிவக்கற வரைக்கும் விடணும், இதுல அவசரப்பட்டா டின் வாசனை போகாது. அப்புறம் மசாலா, விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்ல குன்று குன்றா குவிச்சு வச்சு மாமியாரை ஒழிக்கும் மசாலான்னு பேர் போட்டு விப்பாங்க பாருங்க, அது இல்ல, அதுக்கு அக்கம்பக்கத்துல இருக்கற சாதுவான ஒண்ணு. மஞ்சள், தக்காளி துருவினது, டின்ல மிச்சம் இருந்த சாஸ், அந்த டின்னையே தண்ணி விட்டு அலசி அந்தத் தண்ணியும். எண்ணெய் பிரிஞ்சு மேல வந்ததும் மீனைப் படுக்க வைக்கணும், வச்சதுக்கு அப்புறம் கரண்டி போடவே கூடாது, சட்டியோட காதைப் பிடிச்சு லேசா ஆட்டணும், இல்லேன்னா மீன் கூழாயிடும். அவிச்ச முட்டை நாலு, கீறிவிட்டு மேல. நான் திருநெல்வேலிக் கை, கொஞ்சம் புளியும் விட்டேன். பக்கத்துல ரைஸ் குக்கர்ல சோறு. சின்னவ கேரட்டும் வெங்காயமும் துருவி வினிகர் விட்டு சம்பல்ஸ் பண்ணினா.

அவ்வளவு தான். அடுப்பை அணைச்சாச்சு, செய்யறதுக்கு வேற ஒண்ணுமே இல்ல. நியூஸ்பேப்பரை மடிச்சுப் போட்டு சட்டியை அப்படியே மேஜை நடுவுல வச்சோம், குக்கரையும் ஒயரோட தூக்கிட்டு வந்தாச்சு. நான் தான் முதல்ல உக்காந்தேன். எனக்கே ஒரு மாதிரி கூச்சமா இருந்துச்சு, கைய எங்க வைக்கறதுன்னு தெரியல, பழக்கம் இல்ல பாருங்க. இவர் எழுந்து "ஊறுகா எங்க?"ன்னு அலமாரிய நோண்ட ஆரம்பிச்சார், "ஏங்க, இப்ப நீங்க உக்காரலைன்னா உங்க முட்டையை நான் எடுத்துருவேன்"னேன், ஓடி வந்து உக்காந்துட்டார். மீனை யாருக்கும் யாரும் பரிமாறல. வேணுங்கறவங்க எட்டி எடுத்துக்கிட்டாங்க, எட்டாதவங்க தட்டை நீட்டினாங்க. சின்னவ முட்டையோட மஞ்சக் கருவை எடுத்து அண்ணன் தட்டுல போட்டா, அவன் பதிலுக்கு ஒரு முள்ளை அவ தட்டுல போட்டான், இதெல்லாம் இவங்க இன்னும் பண்றாங்களான்னு எனக்கு ஆச்சரியம். போன் எல்லாம் மேஜை மேலயே தான் கிடந்துச்சு, யாரும் கூடையில போடல, யாரும் எடுக்கவும் இல்ல, மீன் குழம்புக் கையோட எப்படி எடுக்கறது.

பேச்சு தானா வந்துச்சு. பெரியவன் கேம்பஸ்ல ராத்திரி என்னடா சாப்பிடறேன்னா, தினம் பீன்ஸ் பன்னியாம். பன்னி சவ்ன்னு பிரெட்டைக் குடைஞ்சு உள்ள கறியை ஊத்தித் தர்றது, டர்பனோட அடையாளம், அதுல கால் பிரெட் சைஸ், மலிவா இருக்குன்னு பீன்ஸ். நான் டப்பாவுல வச்சிட்டுப் போறதெல்லாம் அப்ப யாரு சாப்பிடறான்னு கேட்டேன். அப்பா கையைத் தூக்கினார். ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து ரெண்டு டப்பா சாப்பிட்டுட்டு இருந்திருக்கார் மனுஷன், சுகர் ஏன் ஏறுதுன்னு டாக்டர்கிட்ட வேற போயிட்டு வந்தோம்.

அப்புறம் அவர் கதை. ஏதோ ஒரு கப்பல்ல சமையல்காரர் தூத்துக்குடிப் பையனாம், மாசக்கணக்கா கடல்லயே இருக்கான், இவர் தமிழ்னு தெரிஞ்சதும் முதல்ல கேட்டது கறிவேப்பிலை கிடைக்குமா சார்னு. இவர் மறுநாள் ஒரு பை நிறைய ஒடிச்சுக்கிட்டுப் போயி குடுத்திருக்கார். அது காதோட காது பரவி அடுத்த கப்பல், அதுக்கு அடுத்த கப்பல்னு போயிருக்கு. எங்க தோட்டத்து மரம் ஒரு பக்கம் மொட்டையா நிக்கிற காரணம் அன்னிக்குத் தான் தெரிஞ்சது. மரத்தை வச்சு வளர்த்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லலாமில்லன்னு கேட்டா, "நீ எப்பவும் அடுப்படியில இருக்கே, எப்ப சொல்றது"ங்கறார்.

சின்னவ அப்பவும் தலையைக் குனிஞ்சுக்கிட்டே சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டு இருந்தா. அப்புறம் ரொம்ப சாதாரணமா, உப்பை எடுங்கற குரல்ல, "அம்மா, சிஏஓ ஃபார்ம்ல நான் ஃபர்ஸ்ட் சாய்ஸ் பி.எட். போட்டிருக்கேன்"னா. சிஏஓன்னா இந்த மாகாணத்துல யுனிவர்சிட்டிக்கெல்லாம் மொத்தமா அப்ளை பண்ற இடம். மெடிசின் போடுவான்னு நாங்க இருந்தோம். இவர் மூஞ்சிய நான் பார்த்தேன், அவர் என் மூஞ்சிய. என் வாய்ல சோறு இருந்துச்சு, அதனால உடனே கத்த முடியல. இதே விஷயத்தை அவ அடுப்படி வாசல்ல நின்னு சொல்லியிருந்தா, கையில தோசைத் திருப்பியோட நான் என்ன பேசியிருப்பேன்னு எனக்கே தெரியும். மென்னு முழுங்கிட்டு, ஏன்னு மட்டும் கேட்டேன். டீச்சர் வேலை எவ்வளவு கஷ்டம்னு என்னைப் பாத்துத் தெரியலையான்னு கேட்கல, ஏன்னு மட்டும். அவ சொன்ன காரணம் எனக்குப் பாதி பிடிச்சது, பாதி பிடிக்கல. அந்த விவாதம் எங்க வீட்ல இன்னும் ஓடிக்கிட்டு தான் இருக்கு, பெரும்பாலும் வாட்ஸ்ஆப்ல.

சட்டியை யாரு கழுவறதுங்கறதுல சண்டை வந்து, பெரியவன் தோத்தான். எட்டு மணிக்குக் காத்து குறைஞ்சுடுச்சுன்னு இவருக்கு போன் வந்தது, கிளம்பிப் போயிட்டார். அவங்கவங்க ரூமுக்குள்ள அவங்கவங்க.

மறுநாள் மிச்சம் இருந்த குழம்பை ஆன்ட்டிக்குக் கொண்டு போயி குடுத்தேன், டின் ஃபிஷ் கறி மறுநாள் பிரெட்டோட சாப்பிட்டா தான் ருசிங்கறது அவங்க கட்சி. பிரெட்டை ஒரு ஓரம் பிய்ச்சு முக்கி வாயில போட்டு ரொம்ப நேரம் யோசிச்சாங்க. "நைஸ். பட் யூ இந்தியா பீப்பிள், ஆல்வேஸ் புளி." அப்புறம் செப்டம்பர் வருதுல்ல, புரட்டாசிக்கு என்ன பண்ணுவேன்னு கேட்டாங்க. இங்க தமிழ்க் குடும்பங்க புரட்டாசியை விடாப்பிடியா அனுசரிப்பாங்க, தமிழ் எழுதப் படிக்க வராதவங்க கூட மாசம் பூரா கவிச்சி தொட மாட்டாங்க, சாட்ஸ்வொர்த்ல கறிக்கடைக்காரங்களுக்கு வியாபாரம் படுத்துடும். சுகர் பீன்ஸ் ஊற வை, அதுவும் ஒரே சட்டி தான்னு சொல்லிட்டு பாத்திரத்தைக் கழுவி அதுல நாலு எலுமிச்சம்பழம் போட்டுக் குடுத்தாங்க, காலிப் பாத்திரம் திருப்பித் தர்ற பழக்கம் அவங்களுக்கும் கிடையாது.

ஃபிரிட்ஜ்ல அந்த மாவு அப்படியே தான் இருந்துச்சு. புளிச்சு வீணாப் போறதுக்குள்ள ஞாயித்துக்கிழமை எடுத்தேன், ஆனா இந்தத் தடவை ஒரு சட்டம் போட்டேன், ஆளுக்கு மூணு தோசை சாப்பிட்டதும் கல்லு கைமாறணும். இவர் ஊத்தினது கல்லை விட்டு வரவே இல்ல, சுரண்டிச் சுரண்டி உப்புமாவா வந்துச்சு. சின்னவ நல்லாவே ஊத்தினா. பெரியவன் சுட்டதை அம்மாவுக்கு வீடியோ கால்ல காட்டினேன், போனைக் கண்ணுகிட்ட கொண்டு போயி பார்த்துட்டு, "கல்லு காயலட்டி, எண்ணெய் வேற ஜாஸ்தி"ன்னாங்க. அப்புறம் எனக்குப் பின்னாடி நாற்காலியப் பார்த்தாங்க போல.

"ஏட்டி, நீ உக்காந்தா சாப்பிடுத?"

ஆமாம்மான்னேன்.

"அப்ப சட்னி யாரு அரைச்சா?"